ஒட்டாத டேப்பும் பன்னிரண்டு நாமங்களும்

கப்பலில் இன்ஜினியராக இருந்த என் அண்ணா லீவில் வரும்போது செண்ட் பாட்டில் கொண்டு வருவான் என்று காத்திருந்தேன். அவன் கொண்டுவந்தது சிவப்பாக இரண்டு டேப் சுருள். சிலிகான் டேப்பாம். தொட்டுப் பார்த்தேன். பசை மருந்துக்கும் இல்லை.

"இது சுவத்துல ஒட்டாது, கட்டையில ஒட்டாது, உன் கையிலயும் ஒட்டாது. தன்மேலயேதான் ஒட்டிக்கும்" என்றான். அப்படிப்பட்ட மனுஷர்கள் வலியசாலையில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். அதற்கு ஒரு டேப் வேறு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான். மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயின் இணைப்பு ஒரு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் 'நாளெ வராம்' என்று சொல்லிக்கொண்டே ஓணத்தைக் கடத்திவிட்டார். அண்ணா மோட்டாரை நிறுத்தினான். டேப்பின் மேலிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தான். இரண்டு மூன்று மடங்கு நீளும்படி இழுத்து, இழுப்பு தளராமல், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடும்படி சுற்றினான். கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் படியவிட்டான். குழாய் ஈரமாகத்தான் இருந்தது. அதை டேப் லட்சியம் செய்யவில்லை. சற்று நேரத்தில் சுற்றுகளெல்லாம் சேர்ந்து ஒரே ரப்பர் துண்டாகிவிட்டன. மோட்டாரைப் போட்டோம். ஒரு சொட்டு இல்லை.

அவன் கப்பலுக்குத் திரும்பிய பிறகு நான் வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மிக்ஸி ஒயரில் தோல் வெடித்த இடத்தை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுற்றினேன். மொட்டைமாடியில் மழை இறங்கி டிவி படத்தைக் கெடுத்த கேபிள் இணைப்பைச் சுற்றினேன். கையைச் சுடும் தோசைத் திருப்பியின் பிடியைச் சுற்றினேன். சூட்டில் உருகவுமில்லை, பிசுபிசுக்கவுமில்லை. ஸ்குரூடிரைவரை ஸ்பூன்போல் பிடிக்கிறவர் என் கணவர். அடுத்தது தன்னைத்தானா என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு மாமா சர்க்காரில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். தெருவில் பல்பு ஃபியூஸானால்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஃபியூஸாகும். டேப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர், ஒரு துண்டு வாங்கிச் சுவரில் ஒட்டிப் பார்த்தார். விழுந்தது. தன் வீட்டுக் குழாயில் காயத்துக்குப் பிளாஸ்திரி போடுவதுபோல் வைத்து அழுத்தினார். தண்ணீரோடு போய்விட்டது. பசையில்லாத டேப் வெறும் தட்டிப்பு, ஏமாற்று வேலை என்று வாசலில் நின்று நாலு பேரிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. இழுத்துச் சுற்ற வேண்டும் என்ற ஒரே வார்த்தையை நான் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, கீரை கேட்க வந்தவர் மாதிரி வந்து, உன் டேப் மட்டும் எப்படி நிற்கிறது என்று மெதுவாக விசாரித்தார். என் நாக்கில் எது உட்கார்ந்ததோ தெரியாது.

"அதுக்கு ஜபம் உண்டு மாமா. கேசவா, நாராயணான்னு பன்னிரண்டு நாமம். ஒரு நாமத்துக்கு ஒரு சுத்து. நாமத்தைச் சொல்லி முடிக்கிறவரை விடாம இழுத்துப் பிடிக்கணும்."

மாமா என் முகத்தையே பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய்த்தான் சிரித்தேன்.

அந்த வருஷம் கோவில் உற்சவத்தின் கடைசி நாள். மண்டபத்தின் பின்னால் தெருவுக்கே சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணிக்குச் சமையல்கட்டுக் குழாயின் இணைப்பு பீறிட்டது. வால்வைத் திருகினால் பாதிதான் மூடியது. தண்ணீரெல்லாம் தரையில் ஓட, தலைமைச் சமையல்காரர் அரிசி களைய வெள்ளமில்லை என்று கையை விரித்தார். யாரோ என் டேப்பை நினைவுபடுத்தினார்கள். ஓடிப்போய் எடுத்துவந்தேன். மீதமிருந்தது ஒரு சுருள்தான். நான் குனிவதற்குள் மாமா அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

வெற்றுடம்போடு, பஞ்சகச்சத்தோடு குழாயின் முன் குந்தி உட்கார்ந்து உரக்க ஆரம்பித்தார். கேசவா என்று ஒரு இழுப்பு. நாராயணா என்று ஒரு இழுப்பு. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். பத்மநாபாவுக்குக் கசிவு குறைந்தது, தாமோதராவுக்கு நின்றேவிட்டது. மாமா விடவில்லை. சுருள் தீரும்வரை இன்னொரு ஆவர்த்தி சுற்றினார். பிறகு வெற்றியோடு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அவருடைய பூணூல் டேப்புக்குள் இருந்தது. ஏதோ ஒரு நாமத்தில் தொங்கி உள்ளே போய், மற்ற நாமங்களுக்கடியில் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தோம். டேப் அதற்குள் ஒரே கட்டியாகியிருந்தது. பிளேடால் டேப்பை அறுத்தால் மறுபடி ஒட்டாது. வேறு சுருளும் இல்லை. பூணூலை அறுக்கலாம் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

"ரெண்டுல எதை அறுத்தாலும் நான் அடுப்பை அணைச்சுட்டுப் போவேனாக்கும்" என்றார் சமையல்காரர்.

புதியது போடாமல் பழையதைக் கழற்றவும் கூடாது என்பதால் சாஸ்திரிகளை அழைத்துவந்தார்கள். அவர் குழாயையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புதுப் பூணூல் ஒன்றை வருவித்தார். குழாயடியில் கூனி உட்கார்ந்தபடியே மாமா மந்திரம் சொல்லிப் புதியதைப் போட்டுக்கொண்டார். பழையதைத் தலைவழியே கழற்றினோம். அது குழாயிலேயே தங்கிவிட்டது.

"குழாய்க்கு உபநயனம் ஆயாச்சு" என்று சாஸ்திரிகள் சொன்னதும் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் வெடித்தது. மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எனக்குத்தான் சிரிப்பு முழுசாக வரவில்லை. நான் வாயடக்கி இருந்திருந்தால் ஒரு பெரியவர் அத்தனை பேருக்கு முன்னால் குழாயில் கட்டுண்டிருக்க மாட்டார். முதல் பந்தியில் அவருக்குப் பாயசம் விடும்போது குனிந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜபம் என் சொந்தச் சரக்கு. இழுத்துச் சுற்றினால் போதும்.

மாமா இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அஞ்சாவது நாமத்துலயே மனசிலாயாச்சு. நீ யார்கிட்டயும் பறையாதே கேட்டியோ. காலம்பறலேர்ந்து ஏழு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

பிறகு, இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார். நான் இரண்டாக விட்டேன்.