ஆர்லிஸ் டிட்மோர் போட்ட மூன்றாம் இடம்

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஆர்லிஸ் டிட்மோருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காரில் ஏறுமுன் குனிந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்ப்பார். எவனாவது நட்டைக் கழற்றி வைத்திருப்பானோ என்ற பயம். அலபாமாவின் வெட்டோக்கா ஊரிலேயே பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, மாவட்ட வரி அலுவலகத்தில் வீடுகளுக்கு மதிப்புப் போடும் வேலையில் தலை நரைத்த மனிதர். வரி போடுகிறவனைத் திட்டாத ஊர் எது? திட்டினார்கள், பிறகு அவரோடு உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையும் தின்றார்கள். ஆனால் இது வரி விஷயம் இல்லை, கால்பந்து விஷயம்.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, காலில் படுவதே அபூர்வமான ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பேர் வந்ததென்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. வெட்டோக்கா கல்லூரியின் பருந்துகள் ஆடுகிற சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான், அவ்வளவுதான். அந்த வருஷம் பருந்துகள் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தார்கள். தேசியப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றும் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தான் ஆடும். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் பயிற்சியாளர்களும் பத்திரிகைக்காரர்களும் போடும் ஓட்டு ஒரு பக்கம், சில தனியாட்களின் கணினிகள் போடும் வரிசை ஒரு பக்கம், இரண்டையும் கூட்டிப் பார்த்து, முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களைப் பட்டத்துக்கு மோத விடுவார்கள். மூன்றாமவன் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். அந்தக் கணினிகளில் ஒன்று ஆர்லிஸ் வீட்டுப் பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் எழுதிய நிரலுக்கு ஊர்ப் பாசம் கிடையாது. யார் யாரை ஜெயித்தார்கள், எந்த மைதானத்தில், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். எத்தனை புள்ளி வித்தியாசம் என்று கேட்கக்கூடாதென்று, வரிசைகளைக் கூட்டிப் பார்க்கிற மேலிடத்து உத்தரவு. உன் மதிப்பு நீ யாரை ஜெயித்தாய் என்பதில் இருக்கிறது, அவன் மதிப்பு அவன் யாரை ஜெயித்தான் என்பதில் இருக்கிறது. ஒருவன் ஏறினால் அவனை ஜெயித்தவனும் கொஞ்சம் ஏறுவான், அந்த ஜெயித்தவனை ஜெயித்தவனும் துளி ஏறுவான். படகில் ஆட்கள் இடம் மாறி மாறி உட்கார்ந்து கடைசியில் படகு ஆட்டம் நிற்பதுபோல, கணினி திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு ஓரிடத்தில் நிற்கும். சொந்த மைதானத்தில் ஜெயித்தால் மதிப்பு கொஞ்சம் கம்மி. அயலூரில் ஜெயித்தால் கூடுதல். பொது மைதானம் என்றால் நடுவாந்தரம்.

அவருடைய கணினியை மேலிடம் சேர்த்துக்கொண்ட வருஷம் ஊரே கேக் வெட்டியது. இந்த வருஷம் அதே கணினி வாராவாரம் ஒரே பாட்டைப் பாடியது. மேற்கே தோல்வியே காணாத ஒரு அணி முதலிடம், ஓஹையோவின் மார்லோ பல்கலைக்கழகம் இரண்டு, வெட்டோக்கா மூன்று. ஓட்டில் வெட்டோக்காவும் மார்லோவும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகை பச்சையாகவே எழுதிவிட்டது, ஆர்லிஸ் கணினி மனம் வைத்தால் நாம் இரண்டு என்று.

அன்றைக்குப் பிடித்தது சனி. தொலைபேசியை எடுத்தால் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. தபால் பெட்டியில் செத்த மீன் கிடந்தது. அவர் மனைவி நெட்டி நடத்தும் அழகு நிலையத்தில் பல வருஷம் முடி வெட்டிக்கொண்ட பெண்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊருக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு காலையில் கார் கொட்டகைக் கதவில், கல்லூரியின் அரக்குச் சிவப்பு நிறத்தில், ஆள் உயரத்துக்கு '3' என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆர்லிஸ் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். எழுத்து மங்கியது, போகவில்லை.

"ரெண்டுன்னு போட்டுத் தொலையேன், ஆர்லிஸ். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் நெட்டி.

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா சோறு போடுமா? நேத்து கடைக்கு ரெண்டே பேர் வந்தாங்க. அதுல ஒருத்தி, 'உன் புருஷன் ராத்திரி வெளிய போவாதபடி பாத்துக்க'ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிட்டுப் போறா. எனக்கு ஈரக்குலையே நடுங்குது."

ஆர்லிஸுக்கும் நடுங்கியது. அவர் வீரர் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு மதிப்புப் போடப் போன இடத்தில் நாய் குரைத்தால் காரிலேயே உட்கார்ந்து மதிப்புப் போட்டுவிட்டு வருகிறவர். ஆனால் இல்லாததை இருப்பதாக எழுத அவர் கை வராது. அது அவர் நல்ல குணமா, வெறும் பழக்கமா என்று அவருக்கே தெரியாது.

கடைசிச் சனிக்கிழமை வெட்டோக்காவும் ஜெயித்தது, மார்லோவும் ஜெயித்தது. ஞாயிறு மதியத்துக்குள் இறுதி வரிசையை அனுப்ப வேண்டும், சாயங்காலம் டிவியில் அறிவிப்பு. காலையில் முடிவுகளைக் கொடுத்துக் கணினியை ஓட்டினார். மார்லோ இரண்டு, வெட்டோக்கா மூன்று. இடைவெளி மயிரிழைதான்.

அனுப்ப வேண்டியதுதானே? கை போகவில்லை. எங்கேயாவது தப்பு இருக்காதா என்று ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார். மார்லோவிடம் தோற்ற டன்மோர் என்ற அணி, செப்டம்பரில் லூசியானா கடற்கரையில் ஒரு சின்னக் கல்லூரியை ஜெயித்திருந்தது. அயலூர் வெற்றி என்று பதிவாகியிருந்தது. ஆனால் அந்த வாரம் கடற்கரையில் புயல். ஆட்டத்தை டன்மோரின் சொந்த மைதானத்துக்கே மாற்றியிருந்தார்கள். அட்டவணையில் மட்டும் பழைய இடம் மாறாமல் நின்றுவிட்டது.

திருத்தி ஓட்டினார். டன்மோர் ஒரு படி இறங்கியது, அதோடு மார்லோவும் இறங்கியது. வெட்டோக்கா இரண்டு.

ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்போதுதான் நெட்டியின் அண்ணன் ஹோய்ட், தங்கையைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக உள்ளே வந்தார். டயர் கடைக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, பருந்துகளின் ஆட்டம் ஒன்று விடாதவர்.

"என்ன மாப்ள, மூக்கைச் சிந்துற? யாராச்சும் போய்ச் சேந்துட்டாங்களா?"

"ரெண்டு, மச்சான். நாம ரெண்டு. ஒரு தப்பு இருந்துச்சு. திருத்திட்டேன்."

ஹோய்ட் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "எனக்குத் தெரியும்டா! இவன் நம்ம ரத்தம்னு நான் சொன்னப்ப ஒரு பய நம்பலியே!" நெட்டி கைப்பையைத் தேடுவதற்குள் வண்டியைக் கிளப்பி ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். பிரசங்கம் தொடங்குமுன் சேதி தேவாலயம் முழுக்கப் பரவியிருக்கும்.

வீடு அமைதியானது. ஆர்லிஸ் நாற்காலியில் சாய்ந்தார். அந்த அமைதியில்தான் உண்மையான பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் எந்தக் கடைசி வாரத்திலாவது இப்படித் துருவித் தேடியிருக்கிறேனா? இரண்டாமிடத்தில் வெட்டோக்கா வந்திருந்தால் தேடியிருப்பேனா? தேடவைத்தது நேர்மை இல்லை, கதவில் இருக்கிற அந்த எழுத்து. பயந்து தேடினேன், கிடைத்ததும் நிறுத்திக்கொண்டேன். தனக்கு வேண்டிய விலை வந்தவுடன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொள்கிற மதிப்பீட்டாளனை அவர் அலுவலகத்தில் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

மிச்சத்தையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் இருந்தால் என்ன? யார் கேட்கப் போகிறார்கள்? அனுப்பும் பொத்தான் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சபித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார். ஒன்றும் இருக்கக்கூடாது, கடவுளே, ஒன்றும் இருக்கக்கூடாது.

இருந்தது. அது அவருடைய கையே செய்த தப்பு.

வெட்டோக்காவும் ஹார்க்னெஸ் கல்லூரியும் மோதுவதை எங்கள் ஊரில் 'சந்தை ஆட்டம்' என்போம். மாநிலத் திருவிழாச் சந்தையின் மைதானத்தில், இரண்டு ஊருக்கும் பொதுவான இடத்தில், எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து நடப்பது. அந்த வருஷம் சந்தை மைதானத்தின் பார்வையாளர் மேடை விரிசல் விட்டதால் ஆட்டம் வெட்டோக்காவுக்கே வந்தது. சந்தை இல்லாமல் சந்தை ஆட்டமா என்று ஊரார் ராட்டினத்தைக் கொண்டுவந்து கல்லூரி வாசலில் நட்டார்கள், சோளமாவில் தோய்த்த சாசேஜைக் குச்சியில் குத்தி விற்றார்கள். ஆர்லிஸும் இரண்டு தின்றார். தின்றுவிட்டு, பருந்துகள் ஜெயித்த களிப்பில் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் 'பொது மைதானம்' என்று தட்டினார். வெளியூர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கணினிக்கு ஊர்ப் பாசம் இல்லை, தட்டிய விரல் வெட்டோக்காவில் பிறந்தது.

திருத்தினார். ஓட்டினார். மார்லோ இரண்டு. வெட்டோக்கா மூன்று.

நெட்டி திரும்பி வந்தபோது கையில் மூன்று பை பலகாரம். முகமெல்லாம் சிரிப்பு. "பாதிரியாரு என் கையைப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. பக்கத்து ஊருக்கு முடி வெட்டப் போன எல்மா கூட என் தோள்ல சாஞ்சி அழுதுட்டு, நாளைக்குக் கடைக்கு வரேன்னுட்டா..." அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பலகாரத்தைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் மெதுவாக வைத்தாள்.

"மாறிப்போச்சா?"

"இன்னொரு தப்பு. என் தப்பு."

"அதை யாரும் பாக்கலையே?"

"இல்ல."

"ஆர்லிஸ், ஊருக்கே சொல்லியாச்சு. இப்ப இல்லன்னா நம்மள உசுரோட விடுவாங்களா?"

"தெரியல, நெட்டி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் பலகாரப் பைகளை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "அனுப்பித் தொலை. மதியம் தாண்டிடப் போவுது," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் ஹோய்ட்டின் டயர் கடையில் பெரிய டிவி வைத்திருந்தார்கள். ஊரே அங்கே. போகாமல் இருந்தால் அவர்கள் வீட்டுக்கு வருவார்கள், அதற்கு நாமே போவது மேல் என்றாள் நெட்டி. நுழைந்ததும் ஆளாளுக்கு ஆர்லிஸின் முதுகைத் தட்டினார்கள். தபால் பெட்டியில் மீனைப் போட்டவனும் தட்டியிருப்பான். சூடான பன்றிக்கறி ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார்கள். அதை வாய்க்குக் கொண்டுபோக அவரால் முடியவில்லை. ஹோய்ட்டைத் தனியாக இழுத்துச் சொல்ல மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் யாராவது கட்டிப்பிடித்தார்கள்.

டிவியில் பேர் வந்தது. முதலிடம், மேற்கத்திய அணி. இரண்டாமிடம், வெட்டோக்கா.

கூரை அதிர்ந்தது. ஆர்லிஸ் மட்டும் மரமாக நின்றார். திரையில் ஒவ்வொரு கணினியும் கொடுத்த எண் ஓடியது. ஒவ்வொரு அணிக்கும் வந்த எண்களில் மிக நல்லதையும் மிக மோசமானதையும் எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைத்தான் கூட்டுவார்கள். முந்தின வாரம்வரை வேறொரு கணினி வெட்டோக்காவை நான்காவதாக வைத்திருந்தது, எறியப்பட்டது அது. இந்த வாரம் அதுவும் மனம் மாறிவிட்டது. எல்லாக் கணினியும் இரண்டு, ஆர்லிஸ் மட்டும் மூன்று. அவர் எண்ணைத்தான் குப்பையில் போட்டிருந்தார்கள். ஆனந்தக் கூத்தில் அந்தப் பொடி எழுத்தை யாரும் பார்க்கவில்லை.

ஹோய்ட் அவரைத் தூக்கி டிரக்கின் பின்தட்டில் நிறுத்தித் தானும் ஏறிக்கொண்டார். "எங்க மாப்ளைக்கு ஒரு ஓ போடுங்கடா! பட்டத்துக்கு நம்மள அனுப்பி வெச்சவன் இவன்!"

கூட்டம் அவர் பேரைச் சொல்லி முழங்கியது. சும்மா நின்றால் போதும். காலையில் பத்திரிகையில் எல்லா எண்ணும் வரும், அதற்குள் எதையாவது யோசிக்கலாம். ஆர்லிஸ் கீழே நெட்டியைத் தேடினார். அவள் கை தட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அனுப்பல," என்றார். சத்தம் அடங்கவில்லை. மறுபடி கத்தினார். "நான் மூணுன்னுதான் போட்டேன்! என் நம்பரைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதனால எனக்கு ஓ போடாதீங்க."

"மாப்ள, வாயை மூடுடா," என்றார் ஹோய்ட் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சந்தை ஆட்டம் இங்கதானே நடந்துச்சு, மச்சான். நான் தப்பா போட்டிருந்தேன். திருத்தினா மூணுதான் வருது."

டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஏதாவது பறந்து வரும் என்று ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் நின்ற எல்மா, தேவாலயத்தில் நெட்டியின் தோளில் சாய்ந்து அழுதவள், நிதானமாகச் சொன்னாள். "அப்போ ஊரு உலகமெல்லாம் நம்மள ஒத்துக்கிச்சு. நம்ம ஊருல பொறந்தவன் ஒருத்தன்தான் ஒத்துக்கல."

ஹோய்ட் அவரைத் தொடாமல் டிரக்கிலிருந்து இறங்கி டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆர்லிஸ் தானாக இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. தேவைக்கு மேல் அகலமாக, சட்டைகூட உரசாதபடி விட்டது. யாரும் திட்டவில்லை. இத்தனை வாரம் எதற்கெல்லாமோ பயந்தவர், இதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்ததே இல்லை.

காரருகே போனதும் பழக்கத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்க்கப் போனார். நெட்டி அவர் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அதெல்லாம் இனி யாரும் தொட மாட்டாங்க. ஏறு," என்றாள். "நாளைக்குக் கடையைத் தொறந்து வெச்சா, யாரு வருவா சொல்லு?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முன்பக்கம் ஏறி உட்கார்ந்து, அவருக்காக மறுபக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டாள்.