நகரிக்கு வந்த சார்ஜன்ட்

நகரி ரயில் நிலையத்தில் கறுப்புக் கொடி கட்டியிருந்த ஒரு நாள் மத்தியானம், காக்கி உடுப்பும் பளபளக்கும் பூட்ஸுமாக ஒரு பையன் ரயிலை விட்டு இறங்கினான். அவன் தோளில் ‘ஆந்திரா’ என்ற பித்தளை எழுத்துகள் வெயிலில் மின்னின. மதராஸிலிருந்து ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா முழுவதும் அதனோடு போய்விட்ட காலம் அது. நகரியையும் புத்தூரையும் திருத்தணியையும் மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள், ரயிலை மறித்தார்கள், சிலர் ஜெயிலுக்கும் போய்வந்தார்கள். அப்படிப் போய்வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். வந்திறங்கியவன் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வழி கேட்டான். பாதி ஊர் அவன் பின்னால் வந்தது.

அவன் எங்கள் பள்ளி மாணவர் படையின் சார்ஜன்ட். சித்தூரில் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தின் விடுதியில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்குத் திருப்பதி, வீட்டில் தெலுங்கு. என்னிடமும் தெலுங்கில்தான் பேசுவான். எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தான். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் விடுதிச் சமையற்காரர் உட்பட எல்லோருக்கும் அவன் சார்ஜன்ட்தான். சட்டைக் கையில் மூன்று கோடுகளை வைத்துத் தைத்துக்கொண்ட நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் வரும். வலப்பக்கம் திரும்பச் சொல்லி ‘தாஹினே முட்’ என்று அவன் கத்தினால் பாதிப் பேர் இடப்பக்கம் திரும்புவோம். “தெலுங்கனுக்கும் புரியல, தமிழனுக்கும் புரியல. அந்த மட்டும் ஒத்துமையா இருக்கீங்க” என்று தெலுங்கில் திட்டிவிட்டு, தானே முதலில் சிரித்துவிடுவான். அவனிடம் திட்டு வாங்குவதற்கு எங்களுக்கு அலுப்பே வந்ததில்லை.

அந்த வருஷம் திருப்பதியில் நடந்த முகாமில் எங்களில் சிலரை இலங்கைக்குப் போகத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் அங்கே போய் அவர்கள் வீடுகளில் தங்க வேண்டும். பிறகு அங்கத்திய மாணவர்கள் வந்து எங்கள் வீடுகளில் தங்குவார்கள். என் பெயரும் அதில் இருந்தது. பட்டணத்தையே பார்த்திராத எனக்குக் கப்பலில் போகும் யோகம் வந்துவிட்டது என்று அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. வீட்டில் ஒப்புதல் வாங்கி வரச்சொல்லி ஊருக்கு அனுப்பினார் எங்கள் மாணவர் படை ஆபீசர். தறியை நிறுத்திவிட்டு நைனா கேட்டார்.

“யாரு பேருல போறீங்க?”

“ஆந்திரா பேருல.”

“நான் இங்க நகரி நம்மளுதுன்னு தொண்டை கிழியக் கத்திக்கினு கீறேன். நீ அந்தப் பேரைத் தோளுல குத்திக்கினு கடல் தாண்டிப் போவியா? ஊருல நான் இன்னா சொல்லுவேன்? போகக் கூடாது.”

அவர் கோபக்காரர் அல்ல. அதனாலேயே அவர் முடியாது என்று சொன்னால் அது முடியாததுதான். அம்மா பேசிப் பார்த்தாள். தறிச் சத்தம்தான் பதிலாக வந்தது. விடுதிக்குத் திரும்பிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதேன். சார்ஜன்ட் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் ஊருக்குப் போயிருந்தபோதுதான், முன்னறிவிப்பே இல்லாமல் நகரியில் வந்து இறங்கினான்.

எங்கள் வாசலில் நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். நைனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவன், “அந்த எழுத்தைப் பிச்சிப் போடுடா” என்றான். நைனா அவனைக் கையமர்த்திவிட்டு, “உள்ள வா. வெயில்ல வந்திருக்க, மோரு குடி” என்றார். சார்ஜன்ட் குடித்து முடித்தான். பிறகு தட்டுத்தடுமாறி, சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டு, தெலுங்கைக் கலந்து தமிழில் பேசினான்.

“மாமா, நாங்க போற ஊருல அல்லாம் தமிழ்தானாம். எனக்குத் தமிழ் சரியா ராது. எங்க ஆளுங்க ஒருத்தனுக்கும் ராது. இவன் ஒச்சாத்தான் நாங்க சோறாவது கேட்டுத் துன்ன முடியும். இவனை அனுப்புங்க மாமா.”

நைனா மோர்ச் செம்பை வாங்கி வைத்தார். “நீ இங்க வந்தது உங்க நைனாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரு. ஒரு அடி நிலம்கூட விடக் கூடாதுன்னு திருப்பதியில மீட்டிங் போடறதே அவருதான்.”

நைனா சிரித்துவிட்டார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. வாசலில் நின்ற கூட்டமும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் என் பக்கம் திரும்பினார். “போய்ட்டு வா. ஆனா யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா நகரின்னு சொல்லு. எந்த ராஜ்யம்னு கேட்டா, இன்னும் முடிவாவலன்னு சொல்லு. அதுதானே நெசம்?”

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவிலுள்ள பாகாலா ஜங்ஷனில் கூடி, காட்பாடி, விழுப்புரம் வழியாக ரயில் மாறி மாறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். கரை மறைவதற்குள்ளேயே எங்கள் சார்ஜன்ட்டுக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவனுக்கு நான் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். “வேங்கடேசா, நான் திரும்பி நடந்தே வந்துடறேன்” என்று கடலைப் பார்த்துக் கும்பிட்டான். அவ்வளவு அவஸ்தையிலும், தலைமன்னாரில் இறங்குவதற்கு முன் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வீடு கிடைத்தது. அங்கே எங்கள் வயதில் ஒரு கேடட். அவனுடைய அம்மா வாசலுக்கே வந்து, “வாங்கோ தம்பியவை, பயணம் சுகமோ?” என்றார். தமிழ்பேசும் வீடு என்ற உரிமையில் நான் முந்திக்கொண்டேன். “நல்லா கீறோம்மா. ரயில்ல இன்னாத்தையோ துன்னுட்டோம், அதான் இவனுக்கு வவுறு சரியில்ல” என்றேன். அம்மா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். பிறகு அவர் மிகவும் கனிவாகக் கேட்டார். “தம்பிக்குத் தமிழ் கொஞ்சமும் வராதோ?”

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. எந்தத் தமிழுக்காக என் நைனா ஜெயிலில் களி தின்றாரோ, அந்தத் தமிழைத் தமிழென்றே ஒரு தமிழ்த்தாய் அடையாளம் காணவில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் சரளமாக, நிறுத்தி, அழகாகச் சொன்னது: “மன்னிக்கணும் அம்மா. இவனுக்குத் தமிழ்தான் தாய்மொழி. எங்க பக்கத்துல அப்படித்தான் பேசுவாங்க. எனக்குத்தான் வயிறு சரியில்லை. கொஞ்சம் சுக்குத் தண்ணி கிடைக்குமா?”

சார்ஜன்ட்! சொல்லுக்குச் சொல் தேடிய அதே சார்ஜன்ட். அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் அப்பா திருப்பதியில் யாத்ரீகர்களுக்கு விடுதி நடத்துகிறவராம். தஞ்சாவூர்க்காரர், மதுரைக்காரர், கோயமுத்தூர்க்காரர் என்று எல்லோர் தமிழையும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவனாம் இவன்.

“அப்புறம் எதுக்குடா எங்க நைனாகிட்ட அப்படிச் சொன்ன?”

“பாவம், பையனை விடுங்கன்னா விட்டிருப்பாரா? உங்க தமிழ் எங்களுக்கு ஓணும்னேன். விட்டுட்டாரு.” தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னான். அந்த நிமிஷத்திலிருந்து அவன் எனக்கு அறைத்தோழன் என்பதற்கும் மேலே ஏதோவாகிவிட்டான்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் வரவேற்பு. ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னால் வந்து, பெயர், ஊர், ராஜ்யம் மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஆபீசர் ஒத்திகை பார்த்திருந்தார். ‘ஆந்திரா’ என்றால் நைனாவுக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. ‘முடிவாகவில்லை’ என்றால் அந்நிய மண்ணில் எங்கள் குழுவின் மானம் போச்சு. வரிசையில் முதல் ஆள் சார்ஜன்ட். என் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். முன்னால் போனான். பெயரைச் சொன்னான், “திருப்பதி” என்றான், சல்யூட் அடித்தான், பின்னால் வந்துவிட்டான். ராஜ்யத்தைச் சொல்லவில்லை. அடுத்தவன் அவனைப் பார்த்துப் பழகியவன். “சந்திரகிரி” என்பதோடு நிறுத்திக்கொண்டான். “சித்தூர்”, “மதனப்பள்ளி” என்று வரிசை நகர்ந்து என்னிடம் வந்தது. “நகரி” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஆபீசர் கண்டிப்பானவர். கடைசிநாள் அணிவகுப்பில் எங்கள் குழுவை நடத்திப் போகவேண்டியவன் சார்ஜன்ட். அதை அவனிடமிருந்து எடுத்துவிட்டார். அவன் மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்து நின்றான். நான் போய் நடந்ததை ஆபீசரிடம் சொன்னேன். நைனாவை, கறுப்புக் கொடியை, எல்லாவற்றையும். அவர் முழுவதையும் கேட்டார். “கட்டளையை மீறினது மீறினதுதான். அவன் கடைசி வரிசையில் நடக்கட்டும்” என்றார். பிறகு, “நீயும் அவன் பக்கத்திலேயே நட” என்றார். அப்படியே நடந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் வேறெப்போதும் நடந்ததில்லை.

சில மாதம் கழித்து யாழ்ப்பாணத்துப் பையன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். அவன் ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் நைனா தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். அவனைத் திருப்பதியில் அவர்கள் குழுவோடு சேர்க்க நைனாவே கூடவந்தார். அவர்கள் தங்கியிருந்தது சார்ஜன்ட் வீட்டு விடுதி. இலை போட்டு உட்கார்ந்ததும் இரண்டு அப்பாக்களுக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. “திருப்பதியே எங்களுதுதான்” என்றார் நைனா. “அப்ப மதராஸ் எங்களுது, குடுத்துடுங்க” என்றார் அவர். குரல்கள் ஏறின. சோறு ஆறியது. நடுவில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துப் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழப்பத்தோடு என்னைக் கேட்டான். “ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தானே கதைக்கினம். ஏன் சண்டை?” சார்ஜன்ட்டின் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நைனாதான் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார்.

பிறகு எல்லைத் தீர்ப்பு வந்தது. திருத்தணி மதராஸோடு போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. நைனா அன்று தறியில் உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சும் கிளம்பியது. அந்த வாரமே சார்ஜன்ட் வந்தான், இந்தத் தடவை அவன் அப்பாவோடு. “ஜெயிச்சுட்டீங்க” என்றார் நைனா, அவர் முகத்தைப் பார்க்காமல். “ஆமா, ஜெயிச்சோம்” என்றார் அவர். “நகரி எங்களுதுன்னு ஆயிடுச்சு. அப்ப நகரிப் பசங்களும் எங்க பசங்கதானே? அதுங்க படிப்பை யாரு எடுக்கறதுன்னு பார்க்கறேன். கெளம்புங்க.”

இருவரும் சித்தூருக்குப் போய்க் கல்வி அதிகாரியைப் பார்த்தார்கள். நாங்களும் பின்னால் நின்றோம். இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்து அதிகாரிக்கு ஆச்சரியம். எப்படி இது என்று தெலுங்கில் கேட்டார். “பசங்க கடலையே தாண்டிப் போய்ட்டு வந்துட்டாங்க சார். நாங்க பாகாலாவைக்கூடத் தாண்டலேன்னா எப்படி?” என்றார் சார்ஜன்ட்டின் அப்பா.

போதுமான பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும் என்று பதில் வந்தது. பின்னால் அந்த வகுப்பில்தான் நான் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போதும் அது நடக்கிறது. பிள்ளைகள் குறைந்த வருஷமும் உண்டு, இடம் போதாத வருஷமும் உண்டு. சார்ஜன்ட் பட்டாளத்தில் சேர்ந்து, மலைமேலெல்லாம் காவல் இருந்து, நிஜமாகவே சார்ஜன்ட்டுக்கு மேலே பெரிய ஆளாகித் திருப்பதிக்குத் திரும்பினான். இன்றைக்கும் போனில் அவன் தமிழில் பேசுகிறான், நான் தெலுங்கில் பதில் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாட்களில் எங்கள் நெசவுத் தெருக்களில் பிள்ளை சேர்க்க வீடு வீடாக ஏறி இறங்கிய அந்த இரண்டு பெரியவர்கள்தான். ஒரு வீட்டு வாசலில் தறிக்குப் பாவு நூலை நனைத்துக்கொண்டிருந்த அம்மாள் சார்ஜன்ட்டின் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க தெலுங்குக்காரரு மாதிரி கீறீங்களே?”

“ஆமா தல்லி, தெலுங்குக்காரன்தான்” என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. “உன் பொண்ணைத் தமிழ் வகுப்புல சேத்துவிடு.”