ஞாயிறு ஐந்து மணிப் பூனை

என் அண்ணன் ஒரு கல்லுளிமங்கன். முப்பது வருஷமாகப் பல்செட் செய்கிறார். மெழுகில் ஈறு வைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, ஊரார் வாய்க்கெல்லாம் சிரிப்புச் செய்து கொடுப்பவர் தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து எனக்கு வாய் உண்டு.

அண்ணி நோயில் போய்ச் சேர்ந்ததிலிருந்து மகள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா ஆறு மாதம் வலியை மறைத்தாள், ஒரே வீட்டில் இருந்த அப்பா அதைக் கவனிக்கவில்லை என்று கோபம். அதில் நியாயமே இல்லை என்று என்னாலும் சொல்ல முடியாது.

வேலை கிடைத்து வெளிநாடு போனபோது வேறு வழியில்லாமல் தன் பூனையை அவரிடம் விட்டுப் போனாள். ரேக்டால் என்ற உயர்ந்த ஜாதி. நீலக் கண், பால் நிற உடம்பு, முகத்திலும் வாலிலும் கரி பூசினாற்போல் கறுப்பு. கீறாது, கடிக்காது. தூக்கினால் கைகால்களைத் தொங்கவிட்டுத் துணிப்பொம்மையாகக் கிடக்கும். இரண்டு ஊமைகள் சேர்ந்தாயிற்று என்று கிண்டல் செய்தேன்.

முதலில் தொடவே பயந்தார். பிறகு, நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, பின்னங்காலுக்கு அடியில் ஒரு கை என்று பழகிக்கொண்டார். சாவிச் சத்தம் கேட்டதும் அது கதவருகே வந்து நிற்கும். அறைக்கு அறை பின்னாலேயே போகும். அவர் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் ரோஸ் மெழுகை நக்கும்.

ஞாயிறு ஐந்து மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். பூனையைப் பார்க்கத்தான், அவரை அல்ல. அவர் தூக்கிக் காட்டுவார், அது தொங்கும், அவள் சிரிப்பாள். அது சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிடுவாள். ஒரு வாரம், "நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அதைச் சொல்ல மனுஷன் இரண்டு தெரு நடந்து என் வீட்டுக்கு வந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். தூக்கியபோது தலையும் சேர்ந்து தொங்கியது. மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன். என்ன சொகுசு பார் என்றேன். வயிறு வேகமாக ஏறி இறங்கியதைப் பார்த்தேன், வெயில் என்று நினைத்தேன். பாவி நான்.

மறுநாள் காலை அது எழவில்லை, மிருக டாக்டரிடம் தூக்கிப் போனோம். இதயக் கோளாறு, இந்த ஜாதிக்கு வருவதுதான் என்றார் டாக்டர். தூக்கும்போது வித்தியாசம் தெரியவில்லையா என்றும் கேட்டார். எப்போதுமே துவண்டு கிடப்பதில் என்ன வித்தியாசம் தெரியும்? அண்ணன் கையிலேயே அது போயிற்று. போனதுகூடத் தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டர்தான் கையை விலக்கினார்.

மகளிடம் அவரே சொன்னார்.

"அம்மாவையும் இப்படித்தான்பா பாத்துக்கிட்டே இருந்தீங்க," என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயுந்தானேடி சிரித்தாய் என்று நாலு வார்த்தை கேட்கப் போனேன். அண்ணன் விடவில்லை.

"விடு. அவ சொல்றது சரிதான்."

ஐந்து ஞாயிறு ஆயிற்று. அழைப்பே இல்லை. ஆனாலும் நாலரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு போனை முன்னால் வைத்து உட்கார்கிறார் என்று கேள்விப்பட்டேன். போன ஞாயிறு மனசு பொறுக்காமல் நானே ஐந்து மணிக்கு அழைத்தேன். முதல் மணி முடியவில்லை, எடுத்துவிட்டார். யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"குட்டிம்மா, நான் சாப்பிட்டேன்மா," என்றார்.

எனக்கு வாய் வரவில்லை.