டூயிக்கு வந்த இருபத்தாறு கார்கள்

ஹார்லன் க்ரீக்கில் ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்று யாரும் கேட்பதில்லை. அவன் அடக்கத்துக்கு எத்தனை கார் வந்தது என்றுதான் கேட்பார்கள். பல் வைத்தியர் மெல்வினுக்கு முப்பத்தொரு கார். அவர் பிடுங்கியதில் பாதி நல்ல பல் என்பதெல்லாம் அதில் சேராது.

தம்பியை அடக்கம் செய்ய வெர்னெல் டாக்கெட்டுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை கிடைத்தது மொத்தம் மூன்று வண்டி. அதில் ஒன்று சவ வண்டி.

இத்தனைக்கும் வெர்னெலைத் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்திரண்டு வருடம் கரண்டி பிடித்தவள். இன்றைக்கு ஊரில் கோட்டுப் போட்டுத் திரிகிற அத்தனை பேரும் ஒரு காலத்தில் தட்டை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றவர்கள்தான். யார் பீன்ஸைச் சட்டைப் பையில் ஒளித்தான், யார் பக்கத்துப் பையன் சோள ரொட்டியைத் திருடினான், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "தினம் முந்நூறு பேருக்குப் பரிமாறிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொருத்தனுக்கும் பரிமாறணுமா?" என்பாள்.

ஆனாலும் ஒருவனுக்குப் பரிமாறிக்கொண்டுதான் இருந்தாள். தம்பி டூயி. ஐம்பத்தெட்டு வயது, இருநூற்று எண்பது பவுண்டு, உருப்படியான வேலை எதுவும் கிடையாது. ஊரைச் சீண்டுவதே அவன் பிழைப்பு. மேயர் ராய்ஸ் ஹாத்காக் தேர்தல் பேச்சுப் பேசும்போது மேடைக்கு அடியில் பன்றியை விட்டவன். ஞானஸ்நானத் தொட்டியில் சிவப்புச் சாயப்பொடி கலந்தவன். ஒரே வேட்டை நாயை மூன்று பேருக்கு விற்றவன். நாய் ஒவ்வொரு முறையும் அவனிடமே திரும்பி வந்துவிடும். "நாயைக் கேளுங்க, என்னைக் கேட்டா?" என்பான்.

போன வெள்ளிக்கிழமை மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மறுநாளே மேயரும் போய்ச் சேர்ந்தார். உயிரோடு இருந்தவரைக்கும் டூயி ஒன்று செய்தால் மேயர் அதை அமுக்குவார். சாவிலும் விடவில்லை. இருவருக்கும் அடக்கம் ஒரே நாள், ஒரே மணி.

ஊர் என்ன செய்யும்? இரண்டு வீட்டுக்கும் சாப்பாடு கொடுத்தனுப்பியது. அதில் எங்கள் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மேயர் வீட்டுக்குப் போனதெல்லாம் கண்ணாடிப் பாத்திரம், அடியில் பேர் எழுதி ஒட்டியது. திரும்ப வாங்க வருவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள் என்று அர்த்தம். வெர்னெல் வீட்டுக்கு வந்தது ஃபாயில் தட்டு. சாப்பிட்டுவிட்டுத் தூக்கி எறி, எங்களைத் தேடாதே என்று அர்த்தம். வெர்னெல் பதினோரு ஃபாயில் தட்டையும் கழுவி அடுக்கி வைத்தாள்.

சவப்பெட்டி தூக்க ஒத்துக்கொண்டிருந்த நான்கு பேர் காலையில் ஒருவர் பின் ஒருவராகப் போன் பண்ணினார்கள்.

"மிஸ் வெர்னெல், மனசெல்லாம் உங்ககூடத்தான் இருக்கு."

"மனசு பெட்டி தூக்குமா, கார்ல்?"

"அது... மேயர் வீட்டுல எதிர்பார்ப்பாங்க..."

"சரி கண்ணு. போ. சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கோ."

அடக்கக் காரியம் பார்க்கிற பிக்கன்ஸ் தன் புது வண்டியை மேயருக்கு அனுப்பிவிட்டு, பழைய வண்டியில் தானே டூயியை ஏற்றிக்கொண்டு வந்தார். இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டியவர். கூட ஒரு வேலையாள். அப்புறம் டூயியோடு மீன் பிடிக்கிற கோல்மன், வலது முட்டி போனவர். ஆக மூன்று ஆண்பிள்ளை, ஐந்து நல்ல கால்.

பிக்கன்ஸ் தொப்பியைக் கழற்றினார். "அம்மா, உங்க குடும்பக் கல்லறை மேட்டு மேல இருக்கு. வண்டி அடிவாரத்தோட நின்னுடும். ஆறு பேர் இல்லாம அந்தப் பெட்டி ஏறாது. இன்னைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போய்க் குளிர் அறையில வச்சுட்டு, வேற நாள் பாக்கலாமா?"

"ஆள் கிடைக்கலன்னு என் தம்பியை மிச்சச் சாப்பாடு மாதிரி உள்ள வைக்கச் சொல்றியா?"

பிக்கன்ஸ் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

முன்னால் சவ வண்டி, அடுத்து வெர்னெலின் பழுப்பு ப்யூக் கார், கடைசியில் கோல்மனின் பிக்கப். மூன்றும் பட்டப்பகலில் முன்விளக்கு போட்டுக்கொண்டு போயின. அடக்க ஊர்வலம் என்றால் விளக்கு எரிய வேண்டும். எதிரே வருகிறவன் எவனாக இருந்தாலும் ஓரம் கட்டி நிற்க வேண்டும். எங்கள் ஊரில் கொலைகாரனும் இதை மீற மாட்டான்.

நாற்சந்தியில் வந்தது வினை. மேயரின் ஊர்வலம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. புது வண்டியும் குடும்பத்துக் கார்களும் சந்தியைத் தாண்டிவிட்டன. பதினெட்டாவதாக வந்த நீதிபதி ப்ரூயிட், பக்கத்துச் சாலையில் ஒரு சவ வண்டி வருவதைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது மனுஷன், தாய்ப்பாலோடு குடித்த பழக்கம், தானும் ஓர் ஊர்வலத்தில்தான் இருக்கிறோம் என்பதே மறந்துபோய் ஓரம் கட்டிவிட்டார். அவர் நின்றதும் பின்னால் வந்த அத்தனை காரும் நின்றன. கைகாட்டினார், போங்கள் என்று. மூன்று வண்டியும் அந்த இடைவெளியில் நுழைந்து போயின. அப்புறம் நீதிபதி, தனக்கு முன்னால் விளக்கெரிய எது போகிறதோ அதன் பின்னால் கிளம்பினார். முன்னால் போனது கோல்மனின் பிக்கப். ஊர்க் கல்லறைக்கு அடுத்த முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பிக்கப் வலப்பக்கம் ஆற்றுச் சாலையில் திரும்பியது. நீதிபதியும் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். நீதிபதிக்கே வழி தெரியாமலா போகும்?

இரண்டு மைல் போன பிறகுதான் வெர்னெல் கண்ணாடியில் பார்த்தாள். விளக்கு, விளக்கு, விளக்கு. வளைவு வரை விளக்கு.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஊர் மனசு மாறி வந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்து, மேயருக்கென்று கறுப்பு ரிப்பன் கட்டிய கார்கள் கண்ணில் பட்டன. புரிந்துவிட்டது.

சொல்ல வேண்டியதுதான் நியாயம். வண்டியை நிறுத்தி, இறங்கி, "வழி தவறிட்டீங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். வேகத்தைக் குறைத்தாள். கையைக் கூட சன்னல் வரை கொண்டுபோனாள். பிறகு அந்தக் கையாலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் வருகிற யாரும் விட்டுப்போகாதபடி மெதுவாகவே ஓட்டினாள்.

மேட்டடியில் கார்கள் புல்லில் ஏறி நின்றன. இருபத்தாறு. எல்லோரும் இறங்கினார்கள். பழைய சவ வண்டியைப் பார்த்தார்கள். பிக்கன்ஸைப் பார்த்தார்கள். வெர்னெலைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரனாக இருந்தால் "ஐயோ, தப்பு" என்று சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பான். எங்கள் ஊரில் செத்தவனின் அக்கா கண்ணெதிரே காரில் திரும்ப ஏறுவதா? அதைவிடப் பெரிய சிக்கல், பக்கத்தில் நிற்பவன் தெரிந்தேதான் வந்திருக்கிறான் என்று ஒவ்வொருவனும் நினைத்தான். தான் மட்டும் தவறி வந்தவன் என்று எப்படி வாயைத் திறப்பது?

நீதிபதியின் மனைவி இமோஜீன்தான் முதலில் சமாளித்தாள். "மிஸ் வெர்னெல்! டூயி எவ்வளவு... எவ்வளவு..." நல்ல வார்த்தை தேடினாள். "எவ்வளவு உயரம்!"

"ஆமா கண்ணு. உயரந்தான். அதான் பெட்டியும் நீளம்." வெர்னெல் திரும்பினாள். குரல் சாப்பாட்டுக் கூடத்துக் குரலாக மாறியது. "வரிசையில வாங்க. நீதிபதி, நீ தலைமாட்டுல. கார்ல், நீ வந்துட்டியா? ரொம்ப சந்தோஷம், நீ கால்மாட்டுல. ஷெரீஃப் வீட்டுப் பெரியவனே, வாயில இருக்கிற சூயிங்கத்தைத் துப்பு. நீ, நீ, அப்புறம் பின்னால ஒளியற நீ. தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும்."

ஆறு பேரும் கேள்வி கேட்காமல் போய் நின்றார்கள். பெட்டி மேடேறியது. பாதி வழியில் கார்ல் முனகினான், "மிஸ் வெர்னெல், என்ன போட்டு வளத்தீங்க இவனை?"

"நீ வேண்டாம்னு தட்டுல விட்டதையெல்லாம்."

பாதிரியார் மேயரிடம் இருந்ததால் பிக்கன்ஸே ஒரு ஜெபம் படித்தார். பிறகு வழக்கப்படி, யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார். யாரும் அசையவில்லை. வெர்னெல் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாடகர் குழுவின் நான்சி லூவுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

"அந்தச் சாயத்தொட்டியில இறங்கினது நான்தான். இன்னைக்கும் என் அங்கி ரோஸ் கலர்தான் இருக்கு."

யாரோ சிரித்துவிட்டு இருமலாக்கினார்கள். "நாயை முதல்ல வாங்கினது நானு," என்றார் ஒருவர். "ரெண்டாவது நான்," என்றார் இன்னொருவர். சற்று நேரத்தில் கூட்டம் முழுக்கத் தன் புகாரைச் சொல்ல முண்டியடித்தது. மேயரின் பன்றிக் கதையை மேயருக்கென்று ரிப்பன் கட்டி வந்தவர்களே விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னார்கள்.

நீதிபதி கடைசியில் பேசினார். சிரிக்காமல் பேசினார்.

"எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. ரெண்டு வருஷம். எங்க வீட்டுப் புல்லை யாரோ வாராவாரம் வெட்டிட்டுப் போவாங்க. நடுவுல மட்டும் ஒரு கொத்து விட்டுடுவாங்க, குடுமி மாதிரி. அம்மா சன்னல் வழியா அதைப் பாத்துப் பாத்து, யார்ரா அந்தக் குரங்குன்னு திட்டுவாங்க. அவங்க வாயைத் திறந்ததே அதுக்குத்தான். எனக்கு யாருன்னு தெரியும். ஒரு நாளும் போய் நன்றி சொல்லல."

வெர்னெலுக்கு இது தெரியாது. சனிக்கிழமை காலைகளில் டூயி எங்கே தொலைந்தான் என்று அவளும் பல முறை திட்டியிருக்கிறாள்.

கூட்டம் கலைந்தது. மேயரின் அடக்கத்தில் கடைசி ஜெபத்தையாவது பிடிக்கலாமென்று கார்கள் புழுதி கிளப்பிப் பறந்தன. நீதிபதி மட்டும் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தார்.

"மிஸ் வெர்னெல், ஒரு உண்மையைச் சொல்லணும். நாங்க இங்க வந்தது..."

"சொல்லாத."

"இல்லம்மா, மனசு உறுத்துது..."

"நீ சொன்னா, கண்ணாடியில பாத்ததை நானும் சொல்ல வேண்டி வரும். உறுத்தலை ஆளுக்குப் பாதியா வச்சுக்குவோம். நீ போ, அங்க மேயர் வீட்டுல தேடுவாங்க."

நீதிபதி அவளை ஒரு முறை பார்த்தார். மேட்டடியில் இமோஜீன் ஹாரன் அடித்தாள். அவர் கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்லறைக் கல்லின் மேல் போட்டார். பிக்கன்ஸின் வேலையாளிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார்.

"நல்ல சட்டை, அழுக்காயிடும்," என்றாள் வெர்னெல்.

"ஆகட்டும்மா."

இமோஜீன் இன்னொரு முறை ஹாரன் அடித்தாள். நீதிபதி முதல் மண்ணைத் தள்ளினார்.