காலில் தூவிய மருந்து

எனக்குச் சந்தேகபுத்தி அதிகம். மீன்காரர் ஒரு மீன் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தால் சந்தோஷப்படாமல் செவுளைப் பிரித்துப் பார்க்கிற பிறவி நான். “உன்னைய போலீஸ்ல சேத்திருக்கணும்லா” என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தப் புத்தியை எங்கே காட்டியிருக்க வேண்டுமோ அங்கே காட்டாமல், காட்டக்கூடாத இடத்தில் காட்டித் தொலைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவை அடுத்த லகாட் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். ரப்பர்ப் பால் வெட்டிப் பழகிய என் வீட்டுக்காரருக்குச் செம்பனை முள்ளோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. ஓலை வெட்டும்போது ஒரு முள் சப்பாத்தைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார். நாலாம் நாள் கால் வீங்கி, காய்ச்சலோடு பாயில் விழுந்தார்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் டிரசர். டாக்டருக்குப் படித்தவர் இல்லை, ஆனால் கைராசிக்காரர். சீழைப் பிதுக்கிக் கட்டுப் போட்டு, ஒரு பொட்டலம் கேப்சூல் கொடுத்தார்.

“தங்கச்சி, ஒரு நாளைக்கு நாலு வேள. பத்து நாளைக்கு விடாம முழுங்கணும். நல்லானாலும் நிறுத்தக்கூடாது, சரியா?”

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். புண் குதிகாலில், மருந்து வாயிலா? வயிற்றுக்குள் போனது வழி கேட்டுக்கொண்டு குதிகாலுக்குப் போய்ச் சேருமாக்கும்! வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் கேப்சூலை முழுங்கியதில்லை. இரண்டாகப் பிரித்து, உள்ளே இருக்கும் தூளைப் புண்ணில் தூவிக் கட்டுவோம். பிள்ளைகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டாலும் அதுதான், காது குத்திய இடம் பழுத்தாலும் அதுதான். எங்கள் வீட்டுப் பூனையின் வாலே அதில்தான் ஆறியது. அதனால் அத்தனை கேப்சூலையும் பிரித்து அவர் குதிகாலில் தூவினேன். “டிரசருதான் தூவச் சொன்னாரு” என்று அவரிடம் ஒரு பொய்யும் சொன்னேன். காய்ச்சலில் கிடந்தவர் என்ன கேட்கப் போகிறார்?

பத்து நாள் கழித்து வீக்கம் முழங்காலைத் தொட்டது. டிரசர் கட்டைப் பிரித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “இந்த மருந்துக்குக் கேக்காமப் போகாதே” என்றார். நான் விடுவேனா? “நீங்க குடுத்தது பழைய மருந்தோ என்னமோ” என்றேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. “இதுக்கு மேல என்னால ஆகாது, தங்கச்சி. இந்த மாதிரி புண்ணுக்குன்னே படிச்ச பெரிய டாக்டரப் பாரு. லேட் பண்ணா கால் போயிடும்” என்றார்.

எங்கே போய்த் தேடுவது? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு டாக்டரைச் சொன்னார். கிராணி நமக்கு எதற்கு நல்லது சொல்கிறார் என்று போகவில்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் புண்ணைச் சரியாகக்கூடப் பார்க்காமல் அதே நிறத்துக் கேப்சூலை எடுத்து நீட்டினார்கள். வாங்காமல் எழுந்து வந்தேன். இன்னொரு இடத்தில் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதும் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டேன். கடைசியில், நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலில் பாட்டுப் பாடும் ஒரு நர்ஸ்தான், ஈப்போவில் சீழும் கிருமியுமே படிப்பாகப் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்றாள். “உனக்கு எதுக்கு இம்புட்டு அக்கறை?” என்று அவளையும் கேட்டேன். “அண்ணன் கால் போனாப் பரவால்லையா, அக்கா?” என்று திருப்பிக் கேட்டாள். அவரைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு பஸ் ஏறினேன்.

அந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஆட்களுக்கு அவர்கள்மேல் ஒரு பழைய கடுப்பு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம் உத்தியோகத்தில் அவர்கள், இந்தப் பக்கம் கைகட்டிக்கொண்டு நாங்கள். பக்கத்து அறையில் அவருடைய நர்ஸ் ஒருத்தி என் வீட்டுக்காரர் காலைக் கழுவிக்கொண்டிருக்க, டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

“அம்மா, தோட்டத்தில தந்த குளிசை முழுக்கக் குடிச்சவரோ?”

“குடிச்சாரு டாக்டர்.”

“ஒரு வேளையும் விடேல்லையோ?”

எனக்குச் சுருக்கென்றது. தோட்டக்காட்டு ஆளுக்கு மருந்து சாப்பிடத் தெரியாது என்று பழியை நம் தலையில் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். “நான் என்னா பொய்யா சொல்றேன்? பத்து நாளும் என் கையாலதான் குடுத்தேன்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கோவிக்காதேங்கோ. இந்தப் புண் அந்தக் குளிசைக்கு ஆறி மாற வேணும். பத்து நாள் குடிச்சும் மாறேல்லையெண்டால் இனிப் பெரிய ஊசிதான் போட வேணும். சில பேருக்கு அது காதைக் கெடுத்துப் போடும். குடிக்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கோ, முதல்ல அந்த மருந்தையே ஒழுங்காக் குடுத்துப் பாப்பம். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

யோசித்தேன். என்ன யோசித்தேன் தெரியுமா? பெரிய ஊசியைப் பணக்காரர்களுக்கு வைத்துக்கொண்டு, நம்மைப் பழைய கேப்சூலோடு திருப்பி அனுப்பப் பார்க்கிறார் என்று யோசித்தேன். காது, கீது என்று பயம் காட்டுகிறார் என்று யோசித்தேன். சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் வாய் வரை வந்ததையும் முழுங்கினேன்.

“முழுசாக் குடிச்சாரு டாக்டர். மாதா மேல சத்தியம்.”

அவர் நம்பினார். ஊசி எழுதினார்.

கால் பிழைத்தது. சீழ் வற்றி, வீக்கம் இறங்கி, ஒரு வாரத்தில் எழுந்து நின்றார். டாக்டர் தினமும் காதில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று அவரைக் கேட்டார். ஒரு காலையில், உள்ளே வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று இவர் சொன்னதும் அன்றைக்கே ஊசியை நிறுத்தினார். ஆனாலும் அந்த மாதத்துக்குள் இரண்டு காதும் அடைத்துவிட்டது. இடி இடித்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

லயமே திரண்டு அந்த டாக்டரைத் திட்டியது. நானும் கூடச் சேர்ந்து, “எனக்கு அப்பவே அந்தாளு மேல சந்தேகம்தான்” என்றேன். சீ! அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. சாமியார் யாரிடமாவது சொல்லிவிட்டால்?

எண்பதுகளில் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தோட்டவேலை. அதற்குள் என் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிவிட்டார். அதனால் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, முகத்தைக் காட்டாமல் சொல்வேன். “கேப்சூல நான்தான் பிரிச்சுத் தூவிட்டேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன். முழுங்கியிருந்தா உங்க காது போயிருக்காது.” எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

ஒருநாள் பின்னாலிருந்து வந்து என் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

“என்னா முணுமுணுக்கிற? எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறியா?”

கண்ணில் விளையாட்டுத்தான் இருந்தது. அவர் பார்வை என் உதட்டில் நின்றது. நான் உதட்டை நன்றாக அசைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

“மீனு. மீன்காரன் நேத்தைய பழைய மீனக் குடுத்துட்டான்.”

அவர் சட்டியை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.