கோழிக்கூட்டில் கல்லறை விளக்கு

சுவிஸில் எங்கடின் மலைப்பக்கம் இருக்கிற பாலேந்திரன், மனைவி உயிரோடு இருக்கும்போதே கல்லறை விளக்குக் கொளுத்திவிட்டாராம். அதுவும் கோழிக்கூட்டுக்குள்ளாம். வின்டர்தூரில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு மண்டபத்தில், றோல்ஸும் வடையும் தட்டுத்தட்டாக வந்துகொண்டிருந்த நேரம், இந்தக் கதை மேசை மாறி மேசை போனது. சொன்னவர் நேரே கண்டவர் இல்லை. பாலேந்திரனோடு வேலை செய்கிற சிறீதரனின் மனைவியின் தங்கை சொல்லக் கேட்டவர். மண்டபத்தின் கடைசி மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த மனைவி தில்லைநாயகி செத்தே போயிருந்தார். பாலேந்திரன்தான் அதை வெளியில் விடாமல் மறைத்து வைத்திருக்கிறார் என்றும் ஆகியிருந்தது.

தில்லைநாயகி சாகவில்லை. கூர் நகரத்து மருத்துவமனையில், தொண்டைக்குள் குழாயோடு, மருந்து கொடுத்து உறங்கவைத்த உறக்கத்தில் கிடந்தார். ஆனால் விளக்கைப் பற்றிச் சொன்னது உண்மை.

பாலேந்திரன் அகதியாக வந்து இறங்கியபோது அவருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. வந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பங்கிட்டபோது அவர் பங்குக்கு மலை விழுந்தது. ஹோட்டல் சமையலறையில் சட்டி கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, இப்போது சூப்பும் சோஸும் அவர் பொறுப்பு. கதவைப் பூட்டிவிட்டு நாலடி போய், திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்கிற மனிதர். அடுப்பை அணைத்தேனா என்று மனைவியிடம் கேட்டு, அவர் ஓம் என்றால்தான் நித்திரை வரும். தில்லைநாயகிக்கு அதே ஹோட்டலின் லாண்டரியில் வேலை. கணவர் பயப்படுகிறதற்கெல்லாம் சேர்த்து அவர் பயப்படாமல் இருந்தார்.

மகள் லக்சனா படிப்புக்கென்று வின்டர்தூருக்குப் போய் அங்கேயே வேலையும் எடுத்த பிறகு, வீட்டுச் சொந்தக்காரி ஃப்ராவ் பெட்சோலாவின் பழைய தொழுவத்துக்குப் பின்னால் தில்லைநாயகி ஐந்து கோழிகள் வளர்த்தார். கோடையில் அது விளையாட்டு. குளிர்காலத்தில் அப்படியில்லை. எங்கடினில் தை, மாசி மாதக் குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கும். ஊற்றிய தண்ணீர் நாலு படுக்கை விரிப்பு மடிக்கும் நேரத்துக்குள் மேலே ஆடை கட்டிவிடும். தில்லைநாயகி லாண்டரியிலிருந்து சுடுதண்ணீர்க் கேத்தலைத் துவாயால் சுற்றிக்கொண்டு காலை, மத்தியானம், பின்னேரம் என்று ஓடுவார். தொழுவத்துக்கு மின்சாரம் இல்லை. பாதைக்குக் குறுக்கே வயர் இழுக்கலாம் என்றால், பனி தள்ளுகிற வண்டி முன்பு ஒருமுறை அப்படி இழுத்த வயரை அறுத்துக்கொண்டு போனது. ஃப்ராவ் பெட்சோலா இனி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இருமலோடுதான் அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடினார். அம்புலன்ஸ் வந்த அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி ஒக்சிஜன் மாஸ்க்கைக் கையால் கீழே இழுத்தார்.

"இஞ்சேருங்கோ, கோழிக்குத் தண்ணி..."

"முதல்லை நீர் மூச்சை எடும்."

"பனியைக் கொத்தித் தின்னுதுகள்தானே எண்டு விட்டிடாதையுங்கோ. அது தாகத்துக்குக் காணாது. உறையாமல் இருக்கட்டும் எண்டு உப்பைக் கிப்பைப் போட்டிடாதையுங்கோ. கோழிக்கு உப்பு நஞ்சு."

வந்தவர்கள் மாஸ்க்கை மீண்டும் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பாலேந்திரன் மனைவியின் குரலைக் கேட்கவில்லை. கடைசியாகக் கேட்டது தண்ணீர்க் கதைதான்.

பனிச்சறுக்குப் பருவகாலம். ஹோட்டல் நிறைய ஆட்கள். வாரத்தில் ஒருநாள் லீவுக்கு மேல் தர முடியாது என்று செஃப் கையை விரித்துவிட்டார். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் வேலையாட்களுக்கு ஓய்வு உண்டு. சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்த நேரத்திலும் காலையிலும் பாலேந்திரனால் கேத்தலோடு ஓட முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் கோழிகள் கட்டித் தண்ணீரைக் கொத்திக்கொண்டு நின்றன. சின்ன மெழுகுதிரிகள் வைத்துப் பார்த்தார். அவர் சூப்பை இறக்க முன்னமே அவை உருகி முடிந்தன.

ஒருநாள் ஃப்ராவ் பெட்சோலா கைத்தடியை ஊன்றிக்கொண்டு தொழுவத்தடிக்கு வந்தார்.

"ஹெர் பாலேந்திரன், இப்படி ஓடினால் உங்களையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதை வையுங்கள். நாட்கணக்கில் எரியும். காற்றுக்கும் அணையாது."

அவர் கையில் இருந்தது சிவப்புப் பிளாஸ்டிக் குவளையில் ஒரு மெழுகு விளக்கு. துளை போட்ட தகர மூடி. மூடியில் சிலுவை.

"என் கணவரின் கல்லறைக்கு வாங்கினது. பனி உருகும்வரை இந்த முழங்காலோடு அந்தப் படி ஏற எனக்கு ஏலாது. அவர் ஒன்றும் கோபிக்க மாட்டார்."

பாலேந்திரன் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு அது விளக்கு, அவ்வளவுதான். சிலுவையைச் சமையலறைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். வைக்கோலுக்கு எட்டத்தில், வலையடித்த முற்றத்தின் கூரைக்குக் கீழே, மூன்று செங்கல்லை நிறுத்தி நடுவில் விளக்கை வைத்தார். மேலே ஒரு மண் பூச்சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் தண்ணீர்த் தகரத்தை வைத்தார். தீப்பிடிக்குமோ என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்த்தார். சிம்மர்ஸ்டுண்ட நேரம் போய் விரலை விட்டபோது தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கோழிகள் வரிசை கட்டி நின்று குடித்தன. ஒவ்வொரு மிடறுக்கும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தன.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவர் இன்னொன்றைக் கண்டார். தில்லைநாயகியின் நீலக் குளிர்ச்சட்டை கூட்டு ஆணியில் தொங்கியபடியே இருந்தது. செங்கல் இடுக்கால் கசிந்த சிவப்பு வெளிச்சம் அந்தச் சட்டையின் நிழலைத் தொழுவச் சுவரில் போட்டது. யாரோ குனிந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் ஒரு நிழல். சுடர் அசைய, கையும் அசைந்தது. அவர் ஓரடி பின்னால் போனார். ஆனாலும் சட்டையைக் கழற்றி உள்ளே கொண்டுபோக மனம் வரவில்லை.

சமையலறையில் அவரோடு வேலை செய்கிற சிறீதரன் முட்டை வாங்க வந்த இடத்தில் விளக்கைக் கண்டுவிட்டான்.

"அண்ணை, இது சேர்ச்சுக்குப் பின்னாலை, செத்த ஆக்களுக்கு வைக்கிறதெல்லோ?"

"தண்ணி உறையாமல் இருக்க."

"அக்கா ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா. நீங்கள் இஞ்சை அவவின்ரை கோழிக்குக் கல்லறை விளக்கு. நல்ல பொருத்தம்!"

"விசர்க்கதை கதையாதை."

"பகிடிக்குச் சொன்னனான், அண்ணை. ஒரு பிடி உப்பைப் போட்டால் முடிஞ்சுது. ரோட்டுக்கே போடுறாங்கள்."

"உப்புக் கூடாதெண்டு அவ சொல்லிப்போட்டா."

சிறீதரன் முட்டையோடு போய்விட்டான். பகிடி போகவில்லை. அன்று சூப்பைக் கிண்டும்போதெல்லாம் பாலேந்திரனுக்குள் அது கிண்டிக்கொண்டே இருந்தது. தில்லைநாயகியின் அம்மா செத்த வீட்டில், தலைமாட்டு விளக்கு நூர்ந்து அணைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும்படி அவரைத்தான் இருத்தியிருந்தார்கள். எவருக்கு ஏற்றுகிறோம் என்று தெரிந்துதான் நம் ஆட்கள் விளக்கு ஏற்றுவார்கள். இதை அவர் யாருக்கு ஏற்றினார்?

சாமத்தியவீடு முடிந்த மறுநாள் லக்சனா அழைத்தாள்.

"அப்பா, கூட்டுக்கை என்ன கொளுத்தி வைச்சிருக்கிறீங்கள்?"

"தண்ணிக்குப் பிள்ளை."

"கல்லறை விளக்காம். ஒரு அன்ரி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுறா, அம்மா எப்ப மோசம் போனவ எண்டு கேட்டு."

"அவையள் கதைப்பினம்."

லக்சனா பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. நல்லநேரம் பார்க்கிறவர்களைக் கண்டால் சிரிக்கிறவள்.

"எனக்கு இதிலையெல்லாம் நம்பிக்கை இல்லையப்பா. உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் பிளீஸ், அதை நூத்துவிடுங்கோ."

இதையெல்லாம் நம்புகிற யாராவது சொல்லியிருந்தால் பாலேந்திரன் தாங்கியிருப்பார். நம்பிக்கை இல்லாத பிள்ளையே சொல்லிவிட்டாள். போய் மூடியைத் திறந்து ஊதினார். சுவரிலிருந்த நிழல் போய்விட்டது. சட்டை வெறும் சட்டையாகத் தொங்கியது.

வெளிச்சம்தானே வேண்டும், நல்ல விளக்காக வைத்தால் என்ன என்று அவருக்குப் பட்டது. சாமித்தட்டிலிருந்த பித்தளை அகலை எடுத்து, திருநீறு பூசி, நல்லெண்ணெய் விட்டு, தடித்த திரி போட்டு அதே செங்கல்லுக்குள் வைத்தார். கைகூடக் கூப்பினார். மத்தியானம் வந்து பார்த்தால் எண்ணெய் கெட்டித் தயிர்போல் இறுகிக் கிடந்தது. திரி கருகி நடுவில் நின்றது. தண்ணீர்த் தகரத்தில் பனிக்கட்டி. அதில் அலகால் கொத்திய சின்னச் சின்னக் குழிகள். எங்கள் வீட்டு எண்ணெய்க்கு இந்த ஊர்க் குளிர் தெரியாது என்று அவர் யோசித்திருக்கவில்லை. ஒரு வாழ்நாள் முழுக்க சமையலறையில் நின்ற மனிதர்.

அடுத்த நாள் அவருக்கு லீவு. காலையில் இரண்டு கேத்தல் ஊற்றிவிட்டு, கூருக்குச் சிவப்பு ரயிலில் போனார். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது யன்னல் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டார். அதற்குப் பின்னால் நீலச் சட்டை போட்ட யாரோ நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் பயணச்சீட்டுப் பார்க்கிற பெண்.

தில்லைநாயகியின் முகம் மெழுகுபோல் இருந்தது. உதடு வெடித்திருந்தது. தாதி ஒரு குச்சி முனையில் இருந்த பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அந்த உதட்டை மெதுவாக ஒற்றினாள்.

"வாய் வறண்டு போகும். கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்," என்றாள். "நீங்கள் அவரோடு கதையுங்கள். கேட்கலாம்."

பாலேந்திரன் குனிந்து காதோரம் வாயை வைத்தார். கோழியள் குடிக்குதுகள், தண்ணி உறையேல்லை என்று சொல்லத்தான் வந்தார். பொய் சொல்ல வரவில்லை. தில்லைநாயகிக்குத் தண்ணீர் கொடுக்க இங்கே யாரோ ஒரு பிள்ளை பஞ்சோடு நிற்கிறாள். இவர் கேட்ட ஒரேயொரு தண்ணீரைத் தான் கொடுக்கவில்லை.

"நான் போறன், நாயகி," என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "போட்டு வாறன். போட்டு வாறன்." இரண்டு தரம் சொன்னார்.

திரும்பி வந்தபோது கறுப்புக் கோழி கறுப்பி மூலையில் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருந்தது. கொண்டை வெளிறிப்போயிருந்தது. தகரம் அடிவரைக்கும் பனிக்கட்டி. கறுப்பியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், உள்ளங்கையில் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஏந்தினார். முதலில் அலகு திறக்கவில்லை. விரலால் தொட்டு அலகை நனைத்தார். தாதி செய்ததுபோலவே. பிறகு அது ஒரு மிடறு குடித்துத் தலையைத் தூக்கியது.

ஃப்ராவ் பெட்சோலாவின் கதவைத் தட்டினார்.

"உங்களிடம் இன்னும் ஒன்று இருக்கிறதா?"

"பெட்டி நிறைய இருக்கிறது. ஏன், முதலாவது எரிந்து முடிந்ததா?"

"இல்லை. நான்தான் அணைத்தேன்."

அவர் பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். காரணத்தைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிசிக்கு விளங்கியிருக்காது. கணவர் செத்த பிறகு விளக்கு வைத்தவர் அவர்.

அன்று பின்னேரம் பாலேந்திரன் விளக்கை மீண்டும் ஏற்றினார். இந்த முறை சிலுவையைச் சுரண்டவில்லை. சுவரில் நிழல் வந்து குனிந்தது. தகரத்துப் பனிக்கட்டி உருகியது. லக்சனா கேட்டால் இல்லையென்று சொல்ல மனதைத் திடப்படுத்திக்கொண்டார். ஆனால் ஒன்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இதுவரை அந்த விளக்கை ஏற்றத்தான் பயந்தார். ஏற்றிய பிறகு அது நூர்ந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஏற்றுவது கூடாத விளக்கு. ஏற்றிவிட்டால் நூரவும் கூடாத விளக்கு. சோஸ் கிண்டிக்கொண்டிருப்பார். கை அப்படியே நிற்கும். பின்கதவால் வெளியே போய், சரிவுக்கு மேலே சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அது பனிக்குள் ஒரு கண்போல் திறந்திருக்கும். சிறீதரன் இப்போது பகிடி விடுவதில்லை. ஒருநாள் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எரியுது அண்ணை," என்று மட்டும் சொன்னான்.

மருத்துவமனையிலிருந்தும் நல்ல செய்திதான் வந்தது. காய்ச்சல் இறங்குகிறதாம். இன்னும் சில நாளில் எழுப்பிப் பார்க்கலாமாம். எழுப்பினால் முதலில் என்ன கேட்பார் என்று பாலேந்திரனுக்குத் தெரியும். பதிலும் தயாராக இருந்தது.

பிறகு மலோயாக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று எழும்பியது. அது வெண்பனியைத் தூளாக்கி வலைக்குள்ளும் செங்கல் இடுக்குக்குள்ளும் ஊதியது. விடிந்து, வேலைக்குப் போகமுன் கேத்தலோடு வந்தபோது, தூரத்திலேயே சரிவில் சிவப்பு இல்லை என்பதைக் கண்டார். அவர் ஓடவில்லை. நடந்தே போனார். மூடியின் துளையெல்லாம் பனி அடைத்திருந்தது. தகரத்துத் தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. நீலச் சட்டை விறைத்துப்போய், கை இரண்டும் நீட்டியபடி ஆணியில் நின்றது. ஐந்து கோழிகளும் அவர் கையிலிருந்த கேத்தலைப் பார்த்தன.

அப்போதுதான் அவரது ஜாக்கெட் பைக்குள் தொலைபேசி அடித்தது.

வெளியே எடுத்துப் பார்த்தார். கூர் மருத்துவமனை. அவர்கள் இந்த நேரத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை. எழுப்பிவிட்டோம் என்று சொல்லவும் இருக்கலாம். அவர் தொலைபேசியைச் செங்கல்லின் மேல் வைத்தார். அது அடித்துக்கொண்டே அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது.

"பொறுங்கோ," என்றார் அதைப் பார்த்து. "பொறுங்கோ, எடுக்கிறன்."

பனிக்கட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். கேத்தலைச் சரித்து ஊற்றினார். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, மூடியைத் திறந்து, பனியை விரலால் தோண்டி எடுத்தார். முதல் நெருப்புக்குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றி, திரிக்குப் போகமுன் காற்றில் போனது. மணி நின்றது. அவரும் நின்றார். மறுபடி அடிக்கத் தொடங்கியது.

கறுப்பி முதலாவதாக வந்து அலகை வைத்தது. குடித்தது. தலையைத் தூக்கியது. பாலேந்திரன் நீலச் சட்டையின் ஓரத்தைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது குச்சியை உரசினார். தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.