கண்மை போட்ட கல்வெட்டு

என் வீட்டுக்காரர் சரித்திரப் பேராசிரியர் ஆனது எல்லோருக்கும் தெரியும். அது நாலு வருஷம் தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கே வெகுநாள் தெரியாமல்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மற்ற ஆம்பிளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். இவர் சைக்கிளில் காகிதச் சுருளைக் கட்டிக்கொண்டு எங்காவது ஒரு கல்லைத் தேடிப் போய்விடுவார். கல்லையே கட்டிக்கொண்டிருக்கலாமே, என்னை எதற்குக் கட்டிக்கொண்டார் என்று நான் முனகாத ஞாயிறு கிடையாது.

கல்வெட்டைக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களில் இறக்குவார். மையில் தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றினால் காகிதம் கறுப்பாகவும் எழுத்துகள் வெள்ளையாகவும் வந்துவிடும். மைப்படி என்பார்கள். படிக்கிறபோது ஓர் எழுத்து சிதைந்திருந்தால், சிதைந்தது என்றுதான் எழுதுவார். ஊகித்து ஒரு புள்ளிகூடச் சேர்க்கமாட்டார். அப்படி ஒரு பிடிவாதம்!

உலகச் சண்டைக் காலத்தில் பட்டணத்திலிருந்து மை வருவது நின்றுபோயிற்று.

"வெளக்குக் கரியும் பிசின் தண்ணியும்தான். நீ கூட்டித் தர்றியா?" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாதக் கைக்குழந்தைக்குக் கண்மை கூட்டியவளுக்கு இதென்ன பெரிய வித்தை? கரி பிடித்தேன், பிசின் தண்ணீரில் குழைத்தேன். கண்மை பளபளக்க இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுவோம் இல்லையா, இதற்குத் தாராளமாகவே விட்டேன். அவரிடம் சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக் காட்டுவானேன் என்று நினைப்பு.

அந்த மையோடு கிளியனூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரைக்குப் போனவர் பொழுது சாயத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. சோற்றைத் தொடவில்லை.

"தோ பாரு, ஏரி ஒடைச்சிக்கினப்ப கரையக் காப்பாத்தப் போயி ஒருத்தன் செத்திருக்கான். அவன் பொண்டாட்டிக்கு ஊரே சேந்து நெலம் குடுத்திருக்குது. மேல அஞ்சு வரி அங்கயே படிச்சிட்டேன். கீழ அவ பேரு இருக்குது."

"இன்னாங்க பேரு?"

"தேஞ்ச எழுத்து. லீவுல பொறுமையா ஒக்காந்து படிச்சிச் சொல்றேன்."

லீவில் குழந்தைக்கு அம்மை போட்டது. பெட்டியை யாரும் திறக்கவில்லை. மழை பிடித்த பிறகுதான் பட்டணத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. விரிவுரையாளர் வேலை காலி, புதிதாகக் கண்டுபிடித்த கல்வெட்டு ஒன்றைப் பற்றிக் கட்டுரையும் மைப்படியும் அனுப்பவும் என்று. அந்தக் கல்லூரி லைப்ரரியின் வாசற்படியை மிதிக்க அவர் எத்தனை வருஷம் ஏங்கினார் என்பது எனக்குத்தானே தெரியும்!

பெட்டியைத் திறந்தார். காகிதம் பூராவும் ஒரே கறுப்புத் திட்டு. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஊறிக் கலந்துபோயிருந்தது. காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னை ஒருதரம் பார்த்தார்.

"மழ ஈரம் பூந்துடுச்சி. பொட்டிய ஜன்னலோரம் வெச்சது என் தப்பு" என்றார்.

விடுவேனா? "படிச்ச மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?" என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். அவர் சைக்கிளை எடுத்தார். இன்னொரு படி எடுத்துவிடலாம் என்று நம்பிக்கை.

ஏரிக்கரையில் கல் இல்லை. மழைக்கு முன்னால் மதகைப் புதுசாகக் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஓடிவந்து சந்தோஷமாகச் சொன்னாராம்:

"ரொம்ப ஒசத்தியான கல்லுன்னு வாத்தியாரு சொன்னீங்களே, அதான் மதவுக்கு அடிக்கல்லா போட்டுட்டோம். பூச பண்ணி, எளுத்து மண்ணு படாம சுண்ணாம்பு வெச்சி மூடிட்டோங்க!"

அவர்களைக் கோபித்துக்கொள்ள முடியுமா? மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்துக் கொடுத்தார்களாம், தின்றுவிட்டு வந்தார்.

அந்த ஐந்து வரியை வைத்துக் கட்டுரை அனுப்பினார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்கப்புறம் நான் மை கூட்ட உட்கார்ந்தபோது, "இந்த வாட்டி எண்ணெ எதுனா ஊத்திடாத, பிரஷ்ஷு வழுக்குது" என்று மட்டும் சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் வீட்டில் எது கெட்டுப்போனாலும் அந்த ஜன்னலை இழுக்காமல் விட்டதில்லை. உப்பு நீர்த்துப்போனால்கூட, "ஜன்னலோரம் வெச்சீங்களா?" என்பேன். சிரித்துக்கொள்வார்.

நாலு வருஷம் கழித்து, மாற்றலாகி விழுப்புரத்தில் குடியிருந்தபோது, வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்தது. மூட்டை கட்டும்போது பழைய கடித நகல்கள் கையில் சிக்கின. எதை எழுதினாலும் ஒரு நகல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். பட்டணத்துக் கல்லூரிக்கு எழுதியதும் அதில் இருந்தது. நல்லவேளை, தமிழில்தான் எழுதியிருந்தார்.

'மையில் எண்ணெய் சேரக்கூடாது என்பதை அறியாமல் நானே கலந்துவிட்டேன். அதனால் மைப்படி பாழாயிற்று. படித்த ஐந்து வரிகளை மட்டும் அனுப்புகிறேன். மற்றதை ஊகித்து எழுத மனம் வரவில்லை.'

அந்தத் தாளோடு எழுந்தேன். புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"மை நீங்களா கூட்டினீங்க?"

தாளைப் பார்த்தார். திருடன் அகப்பட்ட மாதிரி விழித்தார்.

"கைப்புள்ளைய வெச்சிக்கினு எவ்ளோ ஆசையா கூட்டின..."

"அதுக்காக? நாலு வருசமா ஜன்னலு ஜன்னலுன்னு ஏசிக்கினு இருந்தேனே, வாய மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தீங்களே!"

"ஏசினா ஏசிட்டுப் போற. இனிமே மை கூட்டமாட்டேன்னு நீ ஒக்காந்துட்டா நான் இன்னா பண்றது?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று திட்டிக்கொண்டே அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கல்லுல இருந்த பொண்ணு பேரு இன்னாவா இருக்கும்? சும்மா ஒன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

"தெரியாதும்மா" என்றார்.

எனக்காக அத்தனை பெரிய பொய்யைச் சொன்னவருக்கு, அந்த ஒரு பெயரை மட்டும் பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லை.